ஒன்பது வல்லுநர்களுக்கு ஆல்ஃபா போடலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். செவிலியர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள் என்று பண்புசார் ஆய்வு செய்கிறீர்கள். நேர்காணலுக்கு 24 வினாக்கள் எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு பொருத்தம் என்று 1 முதல் 4 வரை மதிப்பெண் போடச் சொல்லி 12 வல்லுநர்களுக்கு அனுப்பினீர்கள். 9 பேர் பதில் போட்டார்கள். வினாக்களைத் திருத்தி, முதல் சுற்றின் சராசரியையும் சேர்த்து மறுபடி அனுப்பியபோது 7 பேர்தான் மிஞ்சினார்கள். நேர்காணல்களை முடித்து, இரண்டு பேர் தனித்தனியாகக் குறியீடு செய்ததில், அதாவது பதிலின் ஒவ்வொரு துணுக்குக்கும் அது எதைப் பற்றியது என்று ஒரு பெயர் இட்டதில், 90% ஒத்துப்போனது. இப்போது நெறியாளர், "ரிலையபிலிட்டி, வேலிடிட்டி எங்கே? ஆல்ஃபா போட்டுக் கொண்டு வா" என்கிறார்.

முதலில் ஆல்ஃபாவை விட்டுவிடுங்கள். கிரான்பாக் 1951இல் அதை எழுதியது வேறு வேலைக்கு. ஒரே பண்பை அளக்கப் பல வினாக்கள் இருக்கின்றன, நிறையப் பேர் விடை எழுதியிருக்கிறார்கள், அந்த வினாக்கள் எல்லாம் ஒரே திசையில் இழுக்கின்றனவா என்று பார்ப்பதற்கு அது. உங்கள் 24 வினாக்கள் 24 வெவ்வேறு விஷயங்களைத் தோண்டுகின்றன. அவை ஒரே திசையில் இழுத்தால்தான் கவலைப்பட வேண்டும். ஒன்பது பேரின் மதிப்பெண்ணைக் கொடுத்தாலும் மென்பொருள் ஒரு எண்ணைத் துப்பத்தான் செய்யும், எதைக் கொடுத்தாலும் துப்பும். விஷயம் தெரிந்த தேர்வாளர் கையில் அந்தப் பக்கம் அகப்பட்டால் வைவா (வாய்மொழித் தேர்வு) அங்கேயே நின்றுவிடும்.

சரி, அப்படியானால் எதைக் காட்டுவது? அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். 'வல்லுநர் குழு' என்ற ஒரே பெயரில் மூன்று வேலைகள் நடக்கின்றன. வினாக்கள் சரியாக இருக்கின்றனவா என்று வல்லுநர்களிடம் காட்டுவது ஒன்று. விடை தெரியாத ஒரு விஷயத்தில் வல்லுநர்களின் கருத்தையே தரவாகத் திரட்டுவது இன்னொன்று, பல சுற்றாகக் கருத்துக் கேட்டு, ஒவ்வொரு சுற்றிலும் குழுவின் விடையைத் திருப்பிக் காட்டும் டெல்ஃபி முறை எல்லாம் இதில்தான் வரும். நேர்காணல்களைப் படித்துக் குறியீடு செய்யும்போது இரண்டாவது ஆள் ஒத்துப்போகிறாரா என்று பார்ப்பது மூன்றாவது. நீங்கள் செய்தது முதலாவதும் மூன்றாவதும். ஆனால் சராசரியைத் திருப்பி அனுப்பி இரண்டாம் சுற்று வைத்தபோது, தெரியாமலே பாதி டெல்ஃபிக்குள் கால் வைத்துவிட்டீர்கள். நம்பகத்தன்மை (ரிலையபிலிட்டி) என்பது மறுபடி பார்த்தாலும் அதே விடை வருமா என்பது, ஏற்புடைமை (வேலிடிட்டி) என்பது பார்க்க நினைத்ததைத்தான் பார்க்கிறோமா என்பது. இந்த மூன்று வேலையில் ஒவ்வொன்றுக்கும் இவற்றின் அர்த்தம் வேறு.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது, யார் வல்லுநர் என்ற கேள்வி. பெரும்பாலான ஆய்வேடுகளில் "துறையில் பத்தாண்டு அனுபவமுள்ள வல்லுநர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்ற ஒரே வரியோடு இது முடிந்துபோகும். எனக்கு இதுதான் முழுப் பிரச்சினையின் தலைவாசலாகத் தெரிகிறது. வல்லமை என்பது பொதுவாக ஒட்டிக்கொள்ளும் பட்டம் இல்லை, குறிப்பிட்ட வேலைக்கு உரியது. பிலிப் டெட்லாக் 284 அரசியல், பொருளாதார நிபுணர்களின் கணிப்புகளைப் பல ஆண்டுகள் சேர்த்துவைத்து, நடந்ததோடு ஒப்பிட்டு 2005இல் முடிவுகளை வெளியிட்டார். அவர்களுடைய நீண்டகாலக் கணிப்புகள் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பேரும் புகழும் பெற்றவர்கள் மற்றவர்களைவிட மோசமாகவே கணித்திருந்தார்கள். இதிலிருந்து வல்லுநர்களே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. செய்ததன் பலன் உடனுக்குடன் கண்ணில் படும் வேலையில் அனுபவம் திறமையாக மாறும், பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும் வேலையில் அப்படி மாறும் என்று சொல்ல முடியாது. ஆகவே உங்கள் குழுவிடம் எதிர்காலத்தைக் கேட்கிறீர்களா, நடந்துகொண்டிருப்பதைக் கேட்கிறீர்களா என்பது முக்கியம்.

இன்னொரு சங்கதி, குழுவில் யார் யாரைச் சேர்த்தீர்கள் என்பதே விடையை ஓரளவு தீர்மானித்துவிடும். ஒரு சிகிச்சை எப்போது பொருத்தம் என்று மருத்துவர் குழுக்களிடம் மதிப்பிடச் சொன்ன ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டது இது: அந்தச் சிகிச்சையைத் தாங்களே செய்கிறவர்கள், செய்யாதவர்களைவிட அதை அதிகமாகப் பொருத்தம் என்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, நிற்கும் இடத்திலிருந்து அப்படித் தெரிகிறது. உங்கள் 12 பேரில் செவிலியர் கண்காணிப்பாளர்கள் எத்தனை பேர், பேராசிரியர்கள் எத்தனை பேர், வேலையை விட்டுப் போன செவிலியர் ஒருவராவது உண்டா? இல்லை என்றால், ஒன்பது பேரும் ஒரே குரலில் "மிகப் பொருத்தம்" என்று சொன்னாலும், அது மேலே உட்கார்ந்திருப்பவர்களின் பார்வையில் பொருத்தம், அவ்வளவுதான். எந்தப் புள்ளியியலும் இந்த ஓட்டையை அடைக்காது.

குழுவின் அளவைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம். வினாக்களைச் சரிபார்க்க ஆறு முதல் பத்துப் பேர் போதும். டெல்ஃபிக்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட எண் என்று எதுவும் கிடையாது. தேர்வு விதிகளை அனுப்புவதற்கு முன்பே எழுதிவைத்தீர்களா என்பதுதான் கேட்கப்படும்.

இனி வினாக்களைச் சரிபார்த்த கதைக்கு வருவோம். இதற்குப் பெயர் உள்ளடக்க ஏற்புடைமை. இதற்கு இரண்டு கணக்குகள் புழக்கத்தில் இருக்கின்றன. லாஷ் 1975இல் கொடுத்த விகிதம் ஒன்று. ஒவ்வொரு வினாவையும் "அவசியம்", "பயனுள்ளது ஆனால் அவசியமில்லை", "தேவையில்லை" என்று மூன்றில் ஒன்றாகக் குறிக்கச் சொல்ல வேண்டும். அவசியம் என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து குழுவில் பாதியைக் கழித்து, அதே பாதியால் வகுத்தால் விகிதம் கிடைக்கும். பத்துப் பேரில் எட்டுப் பேர் அவசியம் என்றால், எட்டில் ஐந்து போக மூன்று, ஐந்தால் வகுக்க 0.60. எட்டுப் பேர் என்பது நமக்கு அமோக ஆதரவாகத் தெரியும். ஆனால் பத்துப் பேர் குழுவுக்கு லாஷின் அட்டவணை கேட்பது 0.62. வினா தேறாது, ஒன்பது பேர் வேண்டும். சிறிய குழுவில் ஒத்துப்போவது தற்செயலாகவே நிறைய நடக்கும் என்பதால் இந்தக் கண்டிப்பு.

உங்களுக்குப் பொருந்துவது மற்றது, லின் 1986இல் எழுதிய உள்ளடக்க ஏற்புடைமைக் குறியெண். 4 புள்ளி அளவில் 3 அல்லது 4 போட்டவர்களின் பங்கு, அவ்வளவே கணக்கு. ஐந்து பேரோ அதற்குக் குறைவோ இருந்தால் எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும், ஆறு பேரோ அதற்கு மேலோ இருந்தால் 0.78 போதும். ஒன்பது பேரில் ஏழு பேர் 3 அல்லது 4 போட்டிருந்தால் 0.78, நூலிழையில் தேறும். ஆறு பேர் என்றால் 0.67, தேறாது. 24 வினாக்களுக்கும் இதைப் போட்டு, மொத்தச் சராசரி 0.90க்கு மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நெறியாளருக்கு எண் வேண்டும் என்றால் இந்த எண்ணைக் கொடுங்கள். எப்படிக் கணக்கிட்டீர்கள் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள், ஏனென்றால் "எல்லாரும் ஒத்துக்கொண்ட வினாக்களின் பங்கு" என்று இன்னொரு வகைக் கணக்கும் அதே பெயரில் உலவுகிறது. அது எப்போதும் சராசரியைவிடக் குறைவாகவோ சமமாகவோதான் வரும்.

ஆனால் எண்ணோடு நிறுத்திவிட்டால் பாதிப் புதையலைக் கிணற்றில் போட்ட மாதிரி. ஒரு வினாவைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: "பணிச்சுமையும் மேலாளரின் ஆதரவின்மையும் உங்கள் முடிவை எப்படிப் பாதித்தன?" எட்டுப் பேர் 4 போடுகிறார்கள். ஒருவர் 2 போட்டு ஓரத்தில் எழுதுகிறார்: "இது இரண்டு கேள்வி. தவிர, ஆதரவு இல்லை என்று நீங்களே முடிவு செய்துவிட்டீர்களா?" கணக்குப்படி 0.89, வினா ஜம்மென்று தேறிவிட்டது. உண்மையில் சரியாகப் படித்தவர் அந்த ஒருவர்தான். பண்புசார் ஆய்வில் வல்லுநர் குழுவின் மதிப்பு அந்த ஓரக் குறிப்பில் இருக்கிறது. குறிப்பு, அதற்கு நீங்கள் செய்த மாற்றம், மாற்றாவிட்டால் ஏன் மாற்றவில்லை என்ற காரணம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் அட்டவணை போட்டுப் பின்னிணைப்பில் சேருங்கள். எந்தத் தேர்வாளரையும் உட்காரவைக்கும் அட்டவணை அது.

இரண்டாம் சுற்றில் சராசரியை அனுப்பினீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அது ஏன் என்று புரிய டெல்ஃபி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 1950களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனத்தில் டால்க்கியும் ஹெல்மரும் ஏழு வல்லுநர்களிடம் ஒரு பயங்கரமான கேள்வி கேட்டார்கள். சோவியத் போர்த் திட்டக்காரர் இடத்தில் நின்று பார்த்தால், அமெரிக்காவின் ஆயுத உற்பத்தியைக் குறிப்பிட்ட அளவுக்கு முடக்க எத்தனை அணுகுண்டு வேண்டும்? முதலில் வந்த விடைகள் 50 முதல் 5000 வரை. முகம் பார்க்காமல், யார் என்ன சொன்னார்கள் என்று தெரியாமல், ஐந்து வினாப்பட்டியல்கள் போய் வந்தன. கடைசியில் மிகப் பெரிய விடைக்கும் மிகச் சிறிய விடைக்கும் இருந்த வித்தியாசம் நூறு மடங்கிலிருந்து ஏறக்குறைய இரண்டு மடங்காகச் சுருங்கியது. ரகசியமாக இருந்த இந்தச் சோதனை 1963இல்தான் அச்சில் வந்தது.

விடைகள் நெருங்கி வந்தன, சரி. நெருங்கி வந்த இடம் சரியான இடமா? அதைச் சோதிக்கும் நிலை வரவில்லை, நல்ல வேளை. ஆனால் டெல்ஃபியின் அடிப்படைச் சிக்கல் பிறந்த அன்றே அதில் இருந்தது: ஒத்துப்போவதைக் கண்ணால் பார்க்கலாம், சரியாக இருப்பதைப் பார்க்க முடியாது.

ஒத்துப்போவதையே எவ்வளவு எளிதாகத் தயாரிக்கலாம் என்பதற்கும் சான்று உண்டு. 1970களின் தொடக்கத்தில் சைஃபர்ட், கான்ட் என்ற இருவர் ஒரு கல்வி டெல்ஃபியில் வேண்டுமென்றே ஒரு தில்லுமுல்லு செய்தார்கள். முதல் சுற்றில் மதிப்பெண் குறைந்திருந்த ஓர் உருப்படியை, எல்லாரும் உயர்வாக மதிப்பிட்டதாகப் பொய்யாகத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த சுற்றில் அந்த உருப்படி மேலே ஏறிவிட்டது. அதாவது, குழு எங்கே போய் நிற்கிறது என்பதில் திருப்பி அனுப்பும் தாளுக்கும் பங்கு உண்டு.

என் சொந்த அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய குழுவில் ஒருவர், முதல் சுற்றில் நீளநீளமாக மறுப்பு எழுதியவர், இரண்டாம் சுற்றில் எல்லா வினாவுக்கும் அச்சு அசலாகக் குழுவின் இடைநிலை எண்ணையே (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணை) போட்டு அனுப்பியிருந்தார். போன் செய்து கேட்டேன். "எல்லாரும் அப்படித்தானே போட்டிருக்காங்க, நான் மட்டும் எதுக்கு வம்பு? அதோட இன்னொரு ரவுண்டு வேற அனுப்புவீங்க" என்றார். என் தாளில் கருத்தொற்றுமை 82 சதவீதம் என்று அழகாக வந்திருந்தது. அதில் எத்தனை பேர் மனம் மாறினார்கள், எத்தனை பேர் அலுத்துப்போனார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. அன்றிலிருந்து மதிப்பெண்ணை மாற்றுகிறவர் ஒரு வரியாவது காரணம் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். எண்ணை மட்டும் திருப்பி அனுப்புவதில்லை, மாறுபட்டவர்களின் வாதத்தைப் பெயரில்லாமல் சேர்த்து அனுப்புகிறேன். எண் மட்டும் போனால் ஆள் எண்ணைத்தான் பார்ப்பார், வாதம் போனால் கொஞ்சம் யோசிப்பார்.

கருத்தொற்றுமை என்பதற்கு வரம்பு எவ்வளவு என்று அடுத்து கேட்பார்கள். 2014இல் 100 டெல்ஃபி ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சதவீத வரம்பு வைத்தவர்களிடையே இடைநிலை 75 சதவீதமாக இருந்தது. அது பழக்கம், அதற்குமேல் அதில் எந்த மந்திரமும் இல்லை. 70 வைத்தாலும் 80 வைத்தாலும், தரவு கைக்கு வருவதற்கு முன் வைத்தீர்களா என்பதே கேள்வி. அம்பு தைத்த பிறகு அதைச் சுற்றி இலக்கு வரையக் கூடாது. இதைவிட முக்கியம் நிலைத்தன்மை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் பதில்கள் அசையாமல் நின்றுவிட்டால், குழு இரண்டாகப் பிரிந்து நின்றாலும், அதுவும் ஒரு முடிவுதான். "கண்காணிப்பாளர்கள் ஒரு பக்கம், வார்டில் இருப்பவர்கள் மறுபக்கம், மூன்று சுற்றுக்குப் பிறகும் நகரவில்லை" என்பது எனக்கு 82 சதவீதத்தைவிடப் பெரிய கண்டுபிடிப்பு.

இதே கேள்வியை வேறொரு குழுவிடம் கேட்டால் அதே விடை வருமா? வல்லுநர் குழுவைப் பொறுத்தவரை நம்பகத்தன்மைக்கு நேர்மையான அர்த்தம் இதுதான். இதைச் செய்து பார்த்தவர்கள் மிகக் குறைவு. 1998இல் ஷெக்கெல் குழுவினர் ஒரே மருத்துவக் கேள்விகளை ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று குழுக்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தேவையில்லாமல் செய்யப்படும் சிகிச்சைகளைக் கண்டுபிடிப்பதில் குழுக்களுக்கிடையிலான உடன்பாடு நடுத்தரம்தான், கப்பா (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு உடன்பாட்டைச் சொல்லும் எண், முழு உடன்பாட்டுக்கு 1) 0.5ஐ ஒட்டி இருந்தது. தேவைப்பட்டும் செய்யப்படாததைக் கண்டுபிடிப்பதில் அதைவிட நன்றாக வந்தது. கவனமாக வடிவமைத்த முறையிலேயே இந்த நிலைமை. உங்களால் இன்னொரு குழு திரட்ட முடியாது, புரிகிறது. ஆனால் கையில் இருக்கும் ஒன்பது பேரைப் பின்னணி வைத்து இரண்டாகப் பிரித்து, இரண்டு பாதியும் ஒரே வினாக்களைத்தான் கழிக்கின்றனவா என்று பார்க்கலாம். அரை மணி நேர வேலை.

அப்புறம் அந்த 90 சதவீதக் குறியீட்டு உடன்பாடு. இதில் ஒரு பொறி இருக்கிறது. 50 நேர்காணல் துணுக்குகளில் "அவமதிப்பு" என்ற குறியீடு இருக்கிறதா என்று இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்று வையுங்கள். 44இல் இருவரும் இல்லை என்கிறார்கள். ஒன்றில் இருவரும் உண்டு என்கிறார்கள். இரண்டில் முதலாமவர் மட்டும் உண்டு என்கிறார், மூன்றில் இரண்டாமவர் மட்டும். 50க்கு 45, 90 சதவீத உடன்பாடு. ஆனால் இருவருமே பெரும்பாலும் "இல்லை" என்கிற ஆட்கள், கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தாலே 87 சதவீதம் ஒத்துப்போயிருக்கும். தற்செயலைக் கழித்துவிட்டு கோஹனின் கப்பாவைக் கணக்கிட்டால் வருவது 0.23. "அவமதிப்பு" எங்கே இருக்கிறது என்பதில் இருவருக்கும் கிட்டத்தட்ட உடன்பாடே இல்லை என்று அர்த்தம். மறுபக்கமும் சொல்லிவிட வேண்டும்: அரிதாக வரும் குறியீட்டுக்குக் கப்பா தேவைக்கு மேல் கீழே விழும், அது கப்பாவின் தெரிந்த குறை. அதனால் சதவீதம், கப்பா இரண்டையும் கொடுத்து, அந்த ஐந்து துணுக்குகளையும் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து படியுங்கள். ஒருவர் "பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், 'ஏய் சிஸ்டர்'தான்" என்ற வரியை அவமதிப்பு என்றிருப்பார், மற்றவர் வழக்கம் என்று விட்டிருப்பார். குறியீட்டின் வரையறை அந்தப் பேச்சில்தான் கூர்மையாகும்.

பண்புசார் ஆய்வில் நம்பகத்தன்மை, ஏற்புடைமை என்ற சொற்களே பொருந்தாது, லிங்கன், கூபா என்ற ஆய்வுமுறை அறிஞர்கள் 1985இல் அவற்றுக்குப் பதிலாகச் சொன்ன நான்கு அளவுகோல்களைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் சொல்லை மாற்றினால் வேலை குறையாது. எந்தப் பெயரில் எழுதினாலும் கேட்கப்படுவது, வெளியாள் ஒருவர் உங்கள் கோப்பைத் திறந்தால் முதல் மின்னஞ்சலிலிருந்து கடைசி வினாப்பட்டியல் வரை நடந்ததைத் தொடர்ந்து வர முடியுமா என்பதுதான். உங்கள் நெறியாளருக்கு எந்தச் சொல் பழக்கமோ அதிலேயே எழுதுங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்பது பேர் ஏழானார்களே, போன இருவர் முதல் சுற்றில் என்ன மதிப்பெண் போட்டிருந்தார்கள்? எடுத்துப் பாருங்கள். 1, 2 என்று போட்டவர்கள் அவர்கள்தான் என்றால், இரண்டாம் சுற்றில் ஏறிய உடன்பாட்டில் ஒரு பங்கு, மறுத்தவர்கள் எழுந்து போனதால் வந்தது. இருவருக்கும் இன்றைக்கே இரண்டு வரி மெயில் போடுங்கள். மறுபடி வினாப்பட்டியலை நிரப்பச் சொல்ல வேண்டாம், ஏன் நிறுத்திவிட்டீர்கள் என்று மட்டும் கேளுங்கள். நேரமில்லை என்று பதில் வந்தாலும் சரி, "உங்கள் கேள்விகள் எதுவும் நாங்கள் பார்ப்பதைக் கேட்கவில்லை" என்று வந்தாலும் சரி, அப்படியே அத்தியாயத்தில் சேருங்கள். இரண்டாவது மாதிரி வந்தால் மட்டும், நேர்காணல் கொடுத்தவர்களில் இரண்டு மூன்று பேரிடம் திரும்பப் போக வேண்டியிருக்கும்.